வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு சீட்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்களிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார்கள். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பெயிண்ட் என எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் யோசித்திருப்பார்கள். சீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது கடைசியில் பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்படிக் கடைசியில் பார்த்தால், காரின் எலும்புக்கூடான சேஸியில் எல்லாவற்றையும் வெல்டு செய்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் எது நுழைகிறதோ அதுதான் சீட். சீட்டை முதலில் வாங்குங்கள், அதற்கப்புறம் அதைச் சுற்றிக் காரைக் கட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வீட்டில் கார் கட்டும் பழக்கத்தின் தாய்வீடு இங்கிலாந்து. 1957-ல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'லோட்டஸ் செவன்' என்ற சின்னஞ்சிறு திறந்த காரை வெளியிட்டது. அன்றைக்கு முழுக் காராக வாங்கினால் வரி இருந்தது, பாகங்களாக வாங்கி வீட்டில் கோத்துக்கொண்டால் அந்த வரி இருக்கவில்லை. அதனால் ஷெட்டில் கார் கட்டுவது அங்கே ஒரு பொழுதுபோக்காகவே வேரூன்றிவிட்டது. 1973-ல் அந்தக் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதே வடிவத்தை ஒட்டி, ஒரு அங்குலச் சதுரக் குழாய்களை வெட்டி, வெல்டு செய்து, பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் போட்டுத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்கள் இன்றும் நிறைய. கட்டி முடித்ததை ரோட்டில் ஓட்ட அங்கே ஐ.வி.ஏ. என்ற தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். சீட் ஆடுகிறதா, பெல்ட் கட்டிய இடம் சரியா, உள்ளே கூர்மையான விளிம்பு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

நம் ஊரில் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்கே கடிவாளம் போடுகிறது. சுயமாகக் கட்டிய காரை ரோட்டுக்குப் பதிவு செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் வருடா வருடம் கார் கட்டுகிறார்கள். ரோடோ டிராக்கோ, சீட்டுக்கான இயற்பியல் ஒன்றுதான்.

சீட்டின் வேலை என்ன?

உட்கார இடம் கொடுப்பது அதன் வேலையில் பாதிதான். மோதும்போது உடம்பைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் வைத்திருப்பது மீதிப் பாதி. பெல்ட், ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு), ஸ்டியரிங், பெடல் எல்லாமே "ஓட்டுநர் இந்த இடத்தில் இருப்பார்" என்று நம்பித்தான் பொருத்தப்படுகின்றன. சீட் இரண்டு அங்குலம் நகர்ந்தால் அத்தனை கணக்கும் தப்பு.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 14 மீட்டர். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கார் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உடம்பின் மீது வரும் விசை, அதன் எடையைப் போல் சராசரியாகப் பதினான்கு மடங்கு. 75 கிலோ ஆள், ஆயிரம் கிலோவுக்கு மேல் முன்னோக்கித் தள்ளுகிறார். இதில் பெரும்பகுதியை பெல்ட் தாங்குகிறது. பெல்ட் நேராக சேஸியில் கட்டப்பட்டிருந்தால், முன்பக்க மோதலில் சீட்டின் போல்ட்டுகள் கிட்டத்தட்ட சீட்டின் சொந்த எடையால் வரும் விசையைப் பிடித்துக்கொண்டால் போதும். பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்தால் நிலைமை தலைகீழ். பெல்ட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. உடம்பு முழுக்க முதுகுச் சாய்வில் போய்ச் சாய்கிறது, சீட் மல்லாக்கச் சரியப் பார்க்கிறது, முன் போல்ட்டுகள் தரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பப் பார்க்கின்றன. கட்டுகிறவர்கள் அதிகம் மறந்துபோவது இந்தப் பின்மோதலைத்தான்.

கம்பெனிக் கார்களின் சீட்டுக்கான ஐரோப்பிய விதி ஒரு அளவுகோல் கொடுக்கிறது: சீட்டும் அதன் பிடிமானமும் புவியீர்ப்பைப் போல் இருபது மடங்கு வேக இறக்கத்தைத் தாங்க வேண்டும். நம் ஷெட்டில் அந்தச் சோதனையை நடத்த முடியாது. அதை மனதில் வைத்துக் கட்டலாம்.

எந்த சீட்?

மூன்று வழி உண்டு. பழைய காரிலிருந்து கழற்றிய சீட், பக்கங்கள் உயர்ந்து உடம்பை அணைத்துப் பிடிக்கும் ஃபைபர் அல்லது அலுமினிய பக்கெட் சீட், ஓட்டுநரின் உடம்புக்கே அச்சு எடுத்து ஊற்றும் ஃபோம் சீட்.

புதிதாகக் கட்டுகிறவருக்கு முதல் வழியையே சொல்வேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் சீட் ஏற்கெனவே சோதனைகளில் தேறியது, தலை தாங்கி உண்டு, முன்னே பின்னே நகர்த்தலாம், நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு பிடிக்காது. கனம் கூடுதல்தான். நாலைந்து கிலோ குறைக்க முதுகெலும்பைப் பணயம் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. டிராக்கில் நொடிக் கணக்கு பார்க்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

பழைய சீட்டில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, புதிய மாடல்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடிமருந்துக் குப்பியும் சில சீட்டுகளில் உண்டு. அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தொங்கினால் மீட்டரை வைத்து நோண்டாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். இன்னொன்று, பல கார்களில் பெல்ட்டின் கொக்கி சீட்டிலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கும். அப்படியானால் மேலே சொன்ன கணக்கு மாறிவிடும். பெல்ட்டின் இழுவையில் ஒரு பங்கு சீட் வழியாக உங்கள் தரைக்கு வரும். சீட்டை மட்டும் பிடிக்கும் அளவுக்குப் போட்ட நாலு போல்ட் அதற்குப் போதாது. கொக்கியைத் தனியாக சேஸியில் கட்டுங்கள், அல்லது சீட்டின் பிடிமானத்தை பெல்ட்டின் பிடிமானம் போலவே கட்டுங்கள்.

பக்கெட் சீட் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 என்ற தரமுத்திரை பெற்ற சீட்டுக்குப் போட்டியில் ஐந்து ஆண்டுதான் ஆயுள். ரோட்டுக் காருக்கு அந்தக் கெடு பொருந்தாது என்றாலும், ஃபைபருக்கு வயதாகும் என்பது உண்மை. பார்க்க அதே மாதிரி, முத்திரை எதுவும் இல்லாமல், மலிவாகக் கிடைக்கும் சீட்டுகளைத் தொடாதீர்கள். அழகுக்காகச் செய்த ஓடு அது. பெல்ட் நுழையும் துளை உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லை என்று நீங்களாக டிரில் போட்டுப் புதுத் துளை எடுப்பதும் அதே ரகம்.

ஃபோம் சீட் ரேஸ் கார்க்காரர்கள் வழி. தடித்த பிளாஸ்டிக் பையில் இரண்டு ரசாயனங்களைக் கலந்து ஊற்றி, அதன் மேல் ஓட்டுநர் உட்கார, நுரை பொங்கி முதுகின் வடிவத்தில் இறுகும். பிரமாதமாகப் பொருந்தும். ஆனால் பொங்கும்போது நன்றாகச் சூடேறும், அந்த ஆவி நுரையீரலுக்கு ஆகாது. காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

அளவெடுப்பதற்கு ஒரு எளிய வழி: சீட் வாங்குவதற்கு முன் பிளைவுட்டில் ஒரு மாதிரி அடித்து சேஸிக்குள் வையுங்கள். செவன் வகைக் காரில் ஒரு பக்கம் கியர்பாக்ஸை மூடும் கியர் சுரங்கம், மறுபக்கம் சேஸிக் குழாய், நடுவில் இடுப்பு மட்டும் நுழையும் இடம். பர்ஸை எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோள் முதுகுச் சாய்வை விட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ரோல் பாரின் உச்சியிலிருந்து காரின் முன்பக்கம் வரை ஒரு நேரான கம்பை வைக்கச் சொல்லுங்கள். கம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். மாணவர் போட்டிகளில் அது குறைந்தது 5 சென்டிமீட்டர். இல்லையென்றால் கார் கவிழ்ந்தால் தரையைத் தொடுவது ரோல் பார் அல்ல, உங்கள் தலை.

பெல்ட்டின் கோணம்

சீட்டை முதலில் வாங்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

நாலு முனை, ஆறு முனை பெல்ட்டுகளில் (காரோடு நாலு அல்லது ஆறு இடத்தில் கட்டப்படுபவை) இரண்டு பட்டைகள் தோளைத் தாண்டிப் பின்னால் ஒரு குறுக்குக் குழாயில் போய்க் கட்டப்படுகின்றன. அந்தக் குழாய் தோளுக்குச் சமமாக, அல்லது சற்றே தாழ்வாக இருக்க வேண்டும். தரைமட்டக் கோட்டிலிருந்து 10 டிகிரிக்கு மேல் இறங்காமலிருப்பது நல்லது என்கிறது எஃப்.ஐ.ஏ. 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. காரணம் இது: பட்டை பின்னோக்கி இழுக்கும்போது, இறக்கம் இருந்தால் தோளைக் கீழ்நோக்கியும் அழுத்தும். பட்டைகள் பின்னோக்கி 500 கிலோ இழுக்கின்றன என்று வையுங்கள். 10 டிகிரி இறக்கத்தில் தோள்களைக் கீழே அமுக்குவது சுமார் 90 கிலோ. 45 டிகிரியில் அதுவே முழுதாக 500 கிலோ. அது போய் இறங்குவது முதுகெலும்பில்.

இப்போது ஒருவர் குழாயைத் தோளுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால், 3.5 சென்டிமீட்டர் தாழ்வாக வெல்டு செய்துவிட்டார். சரியாக 10 டிகிரி. பிறகு சீட் வந்தது. உட்கார்ந்தால் ரோடு சரியாகத் தெரியவில்லை. 5 சென்டிமீட்டர் மெத்தை போட்டார். தோளும் அவ்வளவு ஏறியது. குழாய் இப்போது 8.5 சென்டிமீட்டர் தாழ்வு, கோணம் 23 டிகிரி. 90 கிலோ, 210 கிலோவுக்கு மேல் ஆகிவிட்டது. மெத்தை தவிர வேறு எதையும் அவர் மாற்றவில்லை.

மெத்தைக்கு இன்னொரு தோஷமும் உண்டு. மெத்தென்று இருக்கும் தடித்த ஃபோம், மோதும்போது அப்படியே அமுங்கிப்போகும். பெல்ட் தளர்ந்து, இடுப்பு அதன் அடியில் வழுக்கி முன்னே போகும். இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். வயிற்றுக்குள் இருப்பவை குடல் போன்ற மென்மையான உறுப்புகள், அவற்றை முன்பக்கம் காக்க எலும்பு கிடையாது. ஆகவே உட்காரும் இடத்தில் கட்டியான ஃபோமே போடுங்கள். இடுப்புப் பட்டை தொடை மடியும் இடத்தில், இடுப்பெலும்பை ஒட்டி, தாழ்வாகப் போக வேண்டும். கால்களுக்கு நடுவே பட்டை இல்லாத நாலு முனை பெல்ட்டில், தோள் பட்டைகள் இறுகும்போது இடுப்புப் பட்டையை மேலே தூக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் மாணவர் ஃபார்முலா போட்டிகளில் ஆறு அல்லது ஏழு முனை பெல்ட் கேட்கிறார்கள். ஐந்து முனையில் நடுவே வரும் அந்த ஒற்றைப் பட்டையைப் பற்றி ஆண்களிடம் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தரையில் கட்டுவது

செவன் வகைக் காரின் தரை ஒன்றரை மில்லிமீட்டர் தகடு, அவ்வளவுதான். அதில் நாலு ஓட்டை போட்டு, போல்ட் விட்டு, வாஷர் வைத்து முறுக்கினால் சீட் ஆடாமல் நிற்கும். ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். கணக்கு வேறு சொல்கிறது.

பின்மோதலில், உடம்பின் மேல்பாதி 50 கிலோ, பதினைந்து மடங்கு விசை, அது சீட்டின் அடியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தள்ளுகிறது, முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 35 சென்டிமீட்டர் தூரம் என்று வையுங்கள். முன் போல்ட்டுகள் இரண்டும் சேர்ந்து சுமார் 640 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். ஒன்றுக்கு 320. 8.8 என்ற வலிமைக் குறியைத் தலையில் பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று 2,000 கிலோவை அலட்சியமாகத் தாங்கும். ஆக, போல்ட் அறுவதில்லை. வாஷரோடு சேர்ந்து போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

மெல்லிய துணியில் பொத்தான் தைக்கும்போது தையல்காரர் பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைப்பாரே, அதே உபாயம்தான் இங்கேயும். எஃப்.ஐ.ஏ. விதி இப்படிப் போகிறது: ஒரு சீட்டுக்குக் குறைந்தது நாலு பிடிமானம், 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட், தகட்டின் மறுபக்கம் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு, ஒவ்வொரு பிடிமானத்திலும் தொடும் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் சதுரத் துண்டு. சாதாரண 8 மில்லிமீட்டர் வாஷரின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அலுமினியத் தகடு என்றால் 5 மில்லிமீட்டர் கனம் வேண்டும். பெல்ட் பிடிமானம் இதைவிடக் கறார். அங்கே 12 மில்லிமீட்டர் அல்லது 7/16 அங்குல போல்ட்டுக்குக் குறைந்து எதுவும் போடாதீர்கள்.

தகட்டை நம்புவதைவிடச் சிறந்தது, சேஸியின் இரு பக்கக் குழாய்களுக்கு நடுவே சீட்டுக்கென்றே இரண்டு குறுக்குச் சட்டங்களை வெல்டு செய்வது. தரை வெறும் மூடி ஆகிவிடும், பாரம் சட்டகத்துக்குப் போய்விடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சட்டம் என்பது உள்ளே வெற்றிடமான குழாய், சுவர் 1.6 மில்லிமீட்டர். அதற்குக் குறுக்கே ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினால் குழாயின் மேல்சுவரும் கீழ்ச்சுவரும் உள்ளே நசுங்கும். ஸ்பேனரில் "இறுகுது" என்று தோன்றுவதெல்லாம் குழாய் நசுங்குவதுதான். கொஞ்ச நாளில் அதிர்வில் போல்ட் தளர்ந்துவிடும். சரியான முறை, போல்ட் நுழையும் அளவுக்கு உள்விட்டம் கொண்ட கனமான சின்னக் குழாய்த் துண்டை அந்த ஓட்டைக்குள் செருகி, இரண்டு பக்கமும் வெல்டு செய்து, ராவி மட்டமாக்குவது. இப்போது போல்ட் முறுக்கினால் பாரம் அந்தத் துண்டின் மேல் உட்காரும். ஆனால் 25 மில்லிமீட்டர் குழாயில் இதற்காக 13 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் அந்த முகத்தில் பாதியைத் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். சீட்டுக்கான சட்டத்தை அகலமாக, 40 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் மெல்லிய குழாயில்தான் கட்ட வேண்டுமென்றால், மேலே 3 மில்லிமீட்டர் தகட்டுக் காதுகளை வெல்டு செய்து அவற்றில் போல்ட் போடுங்கள்.

தகட்டில் ரிவெட் போல அடித்துப் பதிக்கும் நட்டுகள் கிடைக்கின்றன. டேஷ்போர்டுக்குப் போடுங்கள். சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் வேண்டாம், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

சீட் முன்னே பின்னே நகர வேண்டுமென்றால், அது ஓடும் தண்டவாளமான ஓடுதண்டு இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் வகையில், மறுபக்கம் மோதலில் முன்னே ஓடி சீட் கோணலாகத் திரும்பும். உங்களைத் தவிர வேறு யாரும் ஓட்டப் போவதில்லை என்றால் ஓடுதண்டே வேண்டாம், நேராகக் கட்டிவிடுங்கள். உயரமும் ஒரு அங்குலம் குறையும், செவன் வகைக் காரில் அந்த ஒரு அங்குலம் பெரிய சொத்து.

அலுமினிய சீட்டுக்கு முதுகில் ரோல் பாரோடு இணைக்கும் ஒரு தாங்கி வேண்டும், அது தனியாக நின்றால் மடங்கிவிடும். ஃபைபர் சீட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்னால் ஒழிய அப்படி எதுவும் வைக்காதீர்கள். மோதலில் கொஞ்சம் வளைந்து கொடுக்கவேண்டிய சீட்டின் முதுகை, அந்தத் தாங்கி ஒரே இடத்தில் குத்திப் பிளந்துவிடும். முதுகுச் சாய்வு உங்கள் தலை வரை வராத சீட் என்றால் தலைக்குப் பின்னால் இருப்பது இரும்பு ரோல் பார். பந்தயத்துக்கான ரோல் பார் உறைகள் ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்யப்படும் கெட்டியான சமாச்சாரம். வெறுந்தலையோடு ரோட்டில் ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு தலை தாங்கியே கதி.

எல்லாம் பொருத்தியபின் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, யாரையாவது பக்கத்தில் நிற்கவைத்து, பட்டைகளின் கோணத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மெத்தை புதிதாக இருக்கும்போது ஒரு அளவு, அமுங்கியபின் வேறு அளவு. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை பார்த்து, தலையிலிருந்து தகடு வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. ஃபைபர் சீட்டின் பிடிமானத் துளைகளைச் சுற்றி நிறம் வெளுத்து நூல் போல் கோடு ஓடியிருந்தால் உள்ளே விரிசல் விட ஆரம்பித்துவிட்டது, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், சீட்டை மாற்றுங்கள். ஒரு மோதலில் வேலை செய்த பெல்ட்டுக்கும் அதே தீர்ப்புதான்.